மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? உள்ளே என்ன நடக்கும் என்று சொல்லுங்கள்

கணக்கு_டீச்சர் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 36. பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டரை வருடமாக டிப்ரஷனுக்கு மாத்திரை. முதலில் எஸ்சிடலோபிராம், அப்புறம் வென்லாஃபாக்சின், இப்போது அதோடு மிர்ட்டாசபின். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் தூக்கி நிறுத்தும். இரண்டு மூன்று மாதம் போனால் பழைய இடத்துக்கே வந்துவிடுவேன். பள்ளியில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அம்மா விளக்குப் போட வரும்போதுதான் இருட்டிவிட்டதே தெரியும்.

போன வாரம் டாக்டர் டி.எம்.எஸ். பற்றிச் சொன்னார். தலைக்கு மேல் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டுவது, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். அம்மாவிடம் சொன்னதும் அழுதுவிட்டார். "படத்தில் காட்டுவார்களே, அந்தக் கரண்டா?" என்று கேட்டார். எனக்கும் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வலிக்குமா? ஞாபகம் போகுமா? பிள்ளைகள் முன்னால் நின்று ஒரு சூத்திரம் மறந்துபோவதை நினைத்தாலே கை நடுங்குகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். வேலை செய்ய ஆரம்பித்தால் உள்ளுக்குள் அது எப்படித் தெரியும்?

—

தறிச்சத்தம் (கோவை)

டீச்சர், நான் 2022-இல் எடுத்தேன், 30 செஷன். முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தக் கரண்ட் வேறு, இது வேறு. ஷாக் ட்ரீட்மெண்ட் என்று நாம் சொல்வது இ.சி.டி. அதற்கு மயக்க ஊசி போடுவார்கள், வலிப்பை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். டி.எம்.எஸ்.-இல் முழுக்க விழித்திருப்பீர்கள், ஊசி கிடையாது, வெறும் வயிற்றில் வரச் சொல்லமாட்டார்கள். நான் முடித்துவிட்டு நேராக ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன்.

முதல் நாளைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத்தான் எனக்குப் பயம். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு சாய்வு நாற்காலி. கம்மல், ஹேர்பின், வாட்ச், போன் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போடச் சொல்வார்கள். காதுக்குப் பஞ்சு மாதிரி அடைப்பான். எட்டு வடிவத்தில் ஒரு சுருள், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அதை உச்சந்தலையில் இடப்பக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு அடியாக அடித்துப் பார்ப்பார்கள். ஓர் இடத்தில் அடித்ததும் என் வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை. மடியில் சும்மா வைத்திருந்த கை. அதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது, பொய் சொல்லவில்லை.

அந்தத் துள்ளல்தான் அளவுகோல். பத்து முறை அடித்தால் ஐந்து முறையாவது விரல் துள்ளக்கூடிய மிகக் குறைந்த அளவு எது என்று கண்டுபிடிப்பார்கள். உங்கள் டோஸை அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. பிறகு சுருளை அங்கிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால், இடது நெற்றி மேட்டுப் பக்கம் கொண்டுவருவார்கள். சிகிச்சை நடப்பது அங்கே.

சத்தம் எப்படி என்றால், கேஸ் லைட்டரை நிறுத்தாமல் வேகமாக அழுத்திக்கொண்டே இருந்தால் கேட்குமே, அது. நான்கு விநாடி அடிக்கும், இருபத்தாறு விநாடி சும்மா இருக்கும், மறுபடி நான்கு விநாடி. இப்படி முப்பத்தேழரை நிமிடம், மொத்தம் 3,000 அடி. நெற்றியில் யாரோ கேரம் காயைச் சுண்டுவதுபோல் விடாமல் சுண்டுவார்கள். என் இடது புருவம் துடிக்கும், சில சமயம் மேல்பல்லில் சுருக்கென்று இழுக்கும். முதல் நாள் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் சொன்னதும் சுருளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார்கள், பாதி குறைந்துவிட்டது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். முதல் வாரம் தலைவலிக்கு டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால் போட்டேன். இரண்டாம் வாரத்தில் அந்தச் சத்தத்திலேயே கண்ணைச் சொருக ஆரம்பித்துவிட்டது. தூங்கவிடமாட்டார்கள், எழுப்பிவிடுவார்கள்.

வலியைவிடக் கஷ்டம் தினமும் போவதுதான். படுக்கையை விட்டு எழ முடியாத நோய்க்கு ஆறு வாரம் தினமும் எழுந்து குளித்துப் போக வேண்டிய வைத்தியம். என் தம்பி காலை எட்டரைக்கு வாசலில் வண்டியோடு வந்து நிற்பான். அவன் நின்றதால்தான் 30 முடிந்தது.

—

கணக்கு_டீச்சர்

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி அண்ணா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேஸ் லைட்டர் என்றதும் கொஞ்சம் நிதானமானார். எங்கள் டாக்டர் மூன்று நிமிடத்தில் முடிகிற வகையும் இருக்கிறது என்றார். மூன்று நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று சந்தேகமாக இருக்கிறது.

—

இரவுப்பணி (மனநல மருத்துவம் படிக்கிறேன், பெங்களூரு)

உங்கள் சிகிச்சையை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவான விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

இதன் அடிப்படை ஃபாரடே 1831-இல் கண்ட விதி. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும். இங்கே கடத்தி உங்கள் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் கூட இருந்தவர்களும் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டிக் கையை அசைய வைத்தார்கள். தறிச்சத்தம் அண்ணன் பார்த்த அதே கட்டைவிரல் விஷயம்தான். எம்.ஆர்.ஐ. கருவி அளவுக்கு வலுவான காந்தப்புலம், ஆனால் ஒவ்வொரு அடியும் விநாடியில் மிகச் சிறு பங்குதான் நீடிக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். குறிவைப்பது இடது முன்நெற்றிப் புறணியின் ஒரு பகுதியை. மனச்சோர்வில் மந்தமாக இருப்பதாகப் பல ஆய்வுகளில் தெரிந்த இடம் அது. அதற்கு ஆழத்தில் உள்ள உணர்ச்சிப் பகுதிகளோடு தொடர்பு உண்டு. திரும்பத் திரும்பத் தூண்டினால் அந்தப் பின்னல் மொத்தமும் மாறத் தொடங்குகிறது என்பதே இப்போதைய விளக்கம்.

மூன்று நிமிட வகைக்குத் தீட்டா பர்ஸ்ட் என்று பெயர். 2018-இல் கனடாவில் 414 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முப்பத்தேழரை நிமிட வகையில் நோய் பாதியாகக் குறைந்தவர்கள் 47 சதவீதம், மூன்று நிமிட வகையில் 49. முழுக்கத் தெளிந்தவர்கள் 27 சதவீதமும் 32 சதவீதமும். அதாவது பலனில் மூன்று நிமிடம் குறைச்சல் இல்லை. நீங்கள் கணக்கு டீச்சர், எண்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். பலருக்குப் பயன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. அமெரிக்காவில் 190 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், போலிச் சுருள் வைத்தவர்களில் 5 சதவீதமும் உண்மைச் சுருள் வைத்தவர்களில் 14 சதவீதமும் முழுக்கத் தெளிந்தார்கள். வழக்கமான மருத்துவமனைச் சூழலில் மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்த அளவு இன்னும் கூடுதல். 14 சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டு மருந்து பலிக்காமல் மூன்றாவதுக்குப் போனவர்களில் தெளிந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நீங்கள் நிற்கும் இடம் அது. டாக்டர் ஏன் இப்போது இதைச் சொன்னார் என்பது இதிலிருந்து புரியும்.

ஞாபகம்: டி.எம்.எஸ்.-ஆல் நினைவாற்றல் கெடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தலைவலியும் நெற்றித்தோல் வலியுமே அதிகம் வருபவை. பெரிய அபாயம் என்றால் வலிப்பு. அது மிக அரிது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனாலும் முன்பு வலிப்பு வந்ததா, தலையில் அடிபட்டதா, மது உண்டா, தூக்கம் எப்படி என்றெல்லாம் கேட்பார்கள். மறைக்காதீர்கள். பியூப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரை போல, வலிப்பு எளிதில் வர இடம் கொடுக்கும் மருந்துகள் உண்டு, தூக்க மாத்திரை வகைகளில் சில டி.எம்.எஸ்.-இன் பலனை மங்கச் செய்யலாம். எந்த மாத்திரை எடுத்தாலும் பட்டியலைக் கொடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தலைக்குள் உலோகம் இருந்தால், அதாவது காது கேட்பதற்காக உள்ளே பொருத்தும் காக்லியர் கருவி, ரத்தக்குழாய் கிளிப் போன்றவை இருந்தால், இது வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். சாதாரணப் பல் அடைப்பால் தடையில்லை. குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அளவுக்கு மீறிய உற்சாகத்துக்குத் தள்ளிவிடும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு.

கடைசியாக ஒன்று. இ.சி.டி.யை யாரும் பூச்சாண்டியாக நினைக்க வேண்டாம். சாப்பிடாமல், பேசாமல், உயிரை விட்டுவிடும் நிலையில் வருபவர்களுக்கு அதைவிட வேகமாகக் கைகொடுப்பது இன்றும் குறைவு. டி.எம்.எஸ். அவ்வளவு அவசர நிலைக்கானது இல்லை.

—

வேம்படி (திருச்சி)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் அப்பா காந்தப் படுக்கை என்று ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினார். மூட்டு வலி, சர்க்கரை, மனக்கவலை எல்லாம் போகும் என்று கூட்டம் போட்டு விற்றார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

—

இரவுப்பணி

இல்லை. படுக்கைக்குள் இருப்பது அசையாத காந்தம். காந்தப்புலம் மாறினால்தான் மின்னோட்டம் உண்டாகும். அசையாத காந்தத்தை வருடக்கணக்கில் தலைக்கு அடியில் வைத்தாலும் ஒரு நரம்பணுவைக்கூடத் தூண்டாது. டி.எம்.எஸ். கருவி பெரிய மின்னூட்டத்தை நொடிப்பொழுதில் சுருள் வழியே விடுகிறது, அந்த டிக் சத்தம் அதில்தான் வருகிறது. காந்தம் என்ற ஒரு சொல் மட்டும்தான் பொது. அப்பாவை நினைத்து வருத்தமாக இருக்கிறது. அவருடைய மனக்கவலையை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

—

யாரா_கரை (மெல்பேர்ண்)

நல்ல அனுபவம் மட்டும் வந்துகொண்டிருக்கிறபடியால் மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். நான் யாழ்ப்பாணம், இப்போது இருபது வருடமாக மெல்பேர்ணில். இங்கே 2021 நவம்பரிலிருந்து மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதி டி.எம்.எஸ்.-க்கு உதவி செய்கிறது. இரண்டு வகைக் குளிசையாவது எடுத்தும் சரிவராதவர்களுக்கு, முதல் சுற்றில் 35 தடவை வரைக்கும். நான் 35-உம் எடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

எனக்குச் சுகம் வரவில்லை.

இதை எழுதவே எனக்கு ஒரு வருடம் எடுத்தது. பலிக்காதபோது வந்த யோசனைதான் கூடுதலாக வருத்தியது: எல்லாருக்கும் வேலை செய்கிறது, எனக்கு இல்லையென்றால் பிழை என்னில்தான் என்று. கடைசி நாள் தாதி கை குலுக்கி அனுப்பிவிட்டார், நான் கார் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தேன். அடுத்த கிழமை என்ர டொக்டரோடு வடிவாகக் கதைத்தேன். "இது கடைசிக் கதவு என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். மருந்தை மாற்றினார், லித்தியம் சேர்த்தார், கதைத்துச் செய்யும் சிகிச்சையைத் திரும்பத் தொடங்கினேன். இப்போது காலையில் எழும்பி ஆற்றங்கரையில் நடக்கிறேன்.

தங்கச்சி, தொடங்க முதலே டொக்டரிடம் கேட்டு வையுங்கள்: இது சரிவராவிட்டால் அடுத்தது என்ன? அந்தப் பதில் கையில் இருந்திருந்தால் அந்தக் கார் தரிப்பிடத்து ஒரு மணித்தியாலம் எனக்கு வந்திராது.

—

கணக்கு_டீச்சர்

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. நாளை டாக்டரிடம் அதையே முதல் கேள்வியாகக் கேட்கிறேன்.

—

சொட்டும்_குழாய் (மதுரை)

நான் எடுத்தவன் இல்லை, என் மனைவி எடுத்தாள். டீச்சர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு, அதாவது வேலை செய்தால் எப்படித் தெரியும் என்பதற்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாமலே போகலாம். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

பதினாறு செஷன் வரை ஒன்றுமே இல்லை. வாரா வாரம் ஒன்பது கேள்வித் தாள் ஒன்று கொடுப்பார்கள், எண் குறைந்தால் நோய் குறைகிறது என்று அர்த்தம். அதில் ஆரம்பத்தில் 19, மூன்றாம் வாரமும் 18. பணமும் நேரமும் வீண் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினேழாவது முடிந்து வந்த அன்று சமையலறையில் நின்று, "இந்தக் குழாய் எத்தனை நாளாகச் சொட்டுகிறது? ஒரு பிளம்பரைக் கூப்பிட மாட்டீர்களா?" என்று என்னைத் திட்டினாள். அந்தக் குழாய் நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நான்கு மாதமும் அவள் அதே இடத்தில்தான் பாத்திரம் கழுவினாள், அந்தச் சத்தம் அவள் காதில் விழவே இல்லை. நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன், அழுகை வந்துவிட்டது.

அவளைக் கேட்டால் "எனக்கு எதுவும் மாறவில்லை" என்றாள். அடுத்த வாரம் சாம்பாரில் உப்பு அதிகம் என்றாள். அதற்கடுத்து அவள் தங்கைக்கு அவளாகவே போன் போட்டாள். ஆறாம் வாரம் தாளில் 8 வந்தபோது அவளுக்கே ஆச்சரியம், எனக்கு இல்லை. நோய் தன் கண்ணாலேயே தன்னைப் பார்க்கிறது, அதனால் மாற்றத்தை ஒத்துக்கொள்ளாது. வீட்டில் ஒருவரைத் தினமும் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மகிழ்ச்சியாக இருந்தாளா என்று எழுத வேண்டாம். என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்று மட்டும் எழுதினால் போதும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மனநலச் சட்டம் உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் பாலிசி மருத்துவமனையில் படுத்தால்தான் தரும், தினமும் போய் வருவதற்குத் தராது என்று மறுத்துவிட்டார்கள். தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடத்துக்கு இடம் கட்டணம் வெகுவாக மாறுகிறது. மொத்தம் எத்தனை செஷன், இடையில் நிறுத்தினால் முன்பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு, அங்கே போய் வர முடிந்தவர்கள் விசாரிக்கலாம்.

—

கணக்கு_டீச்சர்

இன்று முதல் நாள் முடிந்தது. கட்டைவிரல் துள்ளியது! அம்மாவும் உள்ளே இருந்தார், அவருக்கும் காதடைப்பான் கொடுத்தார்கள். மூன்று நிமிட வகைதான் எனக்கு. சுண்டுவது பல்லில் தெரிந்தது, சொன்னேன், சாய்த்து வைத்தார்கள். மாலையில் தலைவலி. இது பலிக்காவிட்டால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன், இரண்டு வழி சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன்.

தினக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் அம்மா எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் காட்டமாட்டாராம்.

—

கணக்கு_டீச்சர்

பன்னிரண்டாவது. இந்த வாரம் மோசம். ஆரம்பித்ததைவிடக் கீழே போய்விட்ட மாதிரி இருக்கிறது. நேற்று பள்ளிக் கழிவறையில் போய் அழுதேன். இப்படி ஆகுமா?

—

தறிச்சத்தம்

எனக்கு ஆனது, இரண்டாம் வாரம் முடிவில். நான்கைந்து நாள் இருந்து போனது. எடுத்த பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் நாளைக் காலை முதல் வேலையாக அங்கே சொல்லிவிடுங்கள் டீச்சர். எனக்குப் போய்விட்டது என்பதற்காக உங்களுடையதும் அதுவே என்று நான் சொல்லக்கூடாது.

—

இரவுப்பணி

அண்ணன் சொன்னதேதான். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரை அழையுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இழையை வாசிக்கும் எல்லோருக்கும்தான் சொல்கிறேன்.

—

கணக்கு_டீச்சர்

சொன்னேன். டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். தூக்கம் கெட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அந்த மாதிரி எண்ணம் இல்லை, கேட்டதற்கு நன்றி. தொடர்கிறேன்.

—

யாரா_கரை

இரவு நேரம் என்றால் எனக்கு இங்கே விடியப்போகும் நேரம். முழித்திருப்பேன். எழுதுங்கள் தங்கச்சி.

—

கணக்கு_டீச்சர்

இருபத்தாறு முடிந்தது. அந்த ஒன்பது கேள்வித் தாளில் 21-இல் ஆரம்பித்தது இன்று 12. எனக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுத வந்தேன். அதைச் சொன்னதும் அம்மா போய் அந்தக் காலண்டர் தாள்களை ரப்பர் பேண்டோடு எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் பத்துப் பன்னிரண்டு தாளில் "பேசவில்லை", "சாப்பாடு பாதி" என்று இருந்தது. பதினெட்டாம் செஷன் தாளில்: "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தாள்." அது எனக்கு ஞாபகமே இல்லை. பிறகு: "தோசைக்குச் சட்னி கேட்டாள்." "கண்ணாடி முன் நின்றாள்." இருபத்து மூன்றாவதில் ஒரே வரி: "செருப்பை வாசலில் கழற்றி விட்டாள்."

நான் எப்போது கழற்றினேன் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய் வாசலைப் பார்த்தேன், இன்றைக்கும் அங்கேதான் கிடந்தது.

இன்னும் நான்கு இருக்கிறது. அப்புறம் வாரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைப்பார்களாம். மாத்திரை அப்படியே தொடரும். இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். பலன் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு வருடம் வரை நிற்பதாகப் பார்த்திருக்கிறார்கள், மறுபடி சரிந்தால் மறுபடி எடுக்கலாம் என்றார். நாளை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பீரியடை வேறு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை வந்து எழுதுகிறேன்.